க.பொ.த. சாதாரண தர (சா/த) பெறுபேறு: தோட்டப் பாடசாலையின் சித்தி (தேர்ச்சி) வீதத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது, கணிதத்தில் 35ஐ எப்படித் தொடுவது?

தேயிலைச்சரிவு:

பெறுபேறு வந்த வாரத்தில் எல்லாப் பாடசாலை வாசலிலும் ஒரு சதவீதம் தொங்கும். அந்த எண்ணை வைத்தே கல்வி வலயத்தில் பேச்சு, பெற்றோர் கூட்டத்தில் பேச்சு. அது எந்த எண்ணின் மேல் எந்த எண் என்று யாரும் கேட்பதில்லை.

உதாரணத்துக்கு, தரம் 6இல் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைப்போம். தரம் 11 இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) 28 பேர். பரீட்சைக்குத் தோற்றியோர் 24. உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றோர் 15. பதாகையில் வருவது 15/24, அதாவது 62.5 சதவீதம். இடாப்பை வைத்துப் பார்த்தால் 53.6. தரம் 6இல் வந்து உட்கார்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் 37.5 மட்டும்தான். மூன்றும் சரியான கணக்குத்தான். ஆனால் மூன்றாவது எண்ணைப் பார்க்காத பாடசாலைக்குத் தன் பிரச்சினை எந்தத் தரத்தில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

இன்னொன்று: 24 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை என்றால் 4.2 சதவீதம். இரண்டு பிள்ளைகள் கூடினால், குறைந்தால் 8 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். அதை முன்னேற்றம் என்றோ வீழ்ச்சி என்றோ சொல்ல முடியாது.

வகை 2 பாடசாலைகளில் (தரம் 11 வரை மட்டும் உள்ளவை) இந்தப் பகுப்பாய்வைச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? கணிதத்தைப் பற்றி முதலில் பேசுவோம், அங்கேதான் கூடுதலான பிள்ளைகள் விழுகிறார்கள்.

வெண்கட்டி:

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் சேர். சின்னப் பாடசாலை என்றால் மூன்று வருட எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். சதவீதங்களைக் கூட்டி மூன்றால் பிரிக்கக் கூடாது. ஒரு வருடம் 15/24, அடுத்த வருடம் 9/12, அதற்கடுத்தது 20/40 என்றால் சதவீதங்களின் சராசரி 62.5 வரும். பிள்ளைகளை எண்ணினால் 76 பேரில் 44 பேர், 57.9. இரண்டாவதுதான் உண்மை.

அடுத்தது, தகுதி பெறாதவர்களை ஒரே குவியலாகப் போடாதீர்கள். உயர்தரத்துக்கு ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் முதல்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் சி சித்தியாவது (50 புள்ளியாவது) வேண்டும். இந்த நிபந்தனையை வைத்துப் பிரித்தால் மூன்று கூட்டம் வரும். கணிதம் ஒன்றிலே மட்டும் டபிள்யூ (35க்குக் கீழே) எடுத்துத் தவறியவர்கள் ஒன்று. கணிதத்தோடு இன்னும் மூன்று நான்கு பாடங்களிலும் தவறியவர்கள் ஒன்று. கணிதம் சித்தி, ஆனால் மூன்று சி இல்லை என்பவர்கள் கடைசி.

முதல் கூட்டத்துக்குக் கணித ஆசிரியர் வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்கு வாசிப்பு வேண்டும். அவர்களுக்கு வினாவே விளங்கியிருக்காது. மூன்றாம் கூட்டத்துக்குச் சமயம், தமிழ், அழகியல் ஆசிரியர்கள் உட்கார்ந்து 45இல் நிற்பவரை 50க்குக் கொண்டுவர வேண்டும். மூன்று கூட்டத்தையும் ஒரே மாலை வகுப்பில் போட்டு கணிதம் நடத்துவதால்தான் மூன்றுமே அப்படியே நிற்கிறது.

ஹட்டன்பக்கம்:

எட்டுப் பாடம் சித்தி, கணிதம் 31 புள்ளி. அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டு வருகிற பெற்றோர்தான் அதிகம். திரும்ப எழுதலாம், இல்லையென்றால் 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழில்சார் துறை இருக்கிறது. அதற்குச் சா/த சித்தி தேவையில்லை. ஆனால் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் மட்டும்தான் நடக்கிறது. தோட்டத்திலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

அதனால் அந்த 31ஐ 35 ஆக்குவதைப் பற்றி விவரமாக எழுதுங்கள்.

வெண்கட்டி:

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கணிதத்தில் இரண்டு வினாத்தாள். முதலாவது 2 மணித்தியாலம்: பகுதி ஏயில் 25 சிறுவினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, பகுதி பியில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. மொத்தம் 100. இரண்டாவது 3 மணித்தியாலம்: ஏ பகுதியில் ஆறில் ஐந்து, பி பகுதியில் ஆறில் ஐந்து, பத்து வினாவுக்கு 100. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பார்கள். ஆக எஸ் சித்தி (ஆகக் குறைந்த சித்தி, 35) என்பது 200க்கு 70.

70 எங்கிருந்து வரும்? பகுதி ஏயில் 16 வினா சரி என்றால் 32. பகுதி பியில் ஐந்து வினாவையும் தொட்டு ஒவ்வொன்றிலும் 4 புள்ளி என்றால் 20. ஆக 52. இரண்டாம் வினாத்தாளில் 100க்கு 18 போதும். பின்தங்கிய பிள்ளையிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். கணிதமே ஓடாது என்று நம்பிவிட்ட பிள்ளைக்கு 18 என்பது எட்டக்கூடிய எண்.

அந்த 18 எங்கே? வரைபு வினாவில் அட்டவணையில் விடுபட்ட பெறுமானத்தைக் கண்டுபிடித்து, அச்சுகளை அளவிட்டு, புள்ளிகளைக் குறித்து ஒப்பமான வளையியாக வரைந்தாலே பாதிக்குக் கிட்ட வந்துவிடும். மீடிறன் பரம்பலில் இடை (சராசரி) காண்பது அடுத்தது. நிரல் நிரலாகச் செய்தால் பிசகாது. அங்கே நடக்கும் பிழை ஒன்றேதான்: மொத்த மீடிறனால் பிரிக்காமல் வகுப்பாயிடைகள் எத்தனையோ அதனால் பிரித்துவிடுவார்கள். மூன்றாவது கேத்திரகணித அமைப்பு.

அமைப்பில் புள்ளி போவது அறிவுக் குறைவால் அல்ல, கவராயத்தால். கடையில் வாங்கும் மலிவான கவராயத்தின் மூட்டு தளர்ந்து, வில் வரையும்போதே ஆரை மாறிவிடும். வாங்கியவுடன் ஒரு முழுவட்டம் வரையச் சொல்லுங்கள். தொடங்கிய புள்ளியில் வந்து முட்டாவிட்டால் திருகாணியை இறுக்குங்கள், அப்படியும் சரிவராவிட்டால் வேறு வாங்குங்கள். பென்சில் முனையும் ஊசிமுனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முக்கியமாக, வரைந்த விற்களை அழிக்கவே கூடாது. சுத்தமாக இருக்கட்டும் என்று அழித்துவிடுகிறார்கள். விற்கள் இல்லாவிட்டால் பாகைமானி வைத்து வரைந்ததாகத்தான் எடுப்பார்கள்.

நேரம்: முதல் வினாத்தாளில் பகுதி ஏக்கு 50 நிமிடம், பிக்கு ஒரு வினாவுக்கு 12 நிமிடமாக 60 நிமிடம், மீதி 10 சரிபார்க்க. இரண்டாம் வினாத்தாளில் ஒரு வினாவுக்கு 18 நிமிடம். பன்னிரண்டையும் செய்யப்போய் பத்தையும் அரைகுறையாக விடுகிற பிள்ளைகள் நிறைய.

தேயிலைச்சரிவு:

டீச்சர், இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பகுதி ஏயில் விடையை மட்டும் எழுதிவிட்டு இடைப்படியை விடுகிறார்கள். விடை பிழைத்தாலும் சரியான படி இருந்தால் பல வினாக்களுக்குப் புள்ளித் திட்டத்தில் 1 புள்ளி இருக்கிறது. 25 வினாவில் ஆறு ஏழு இடத்தில் அந்த ஒற்றைப் புள்ளி கிடைத்தாலே பெரிய வித்தியாசம். அலகு எழுதாமல் விடுவது இன்னொரு ஓட்டை.

லிந்துலை_கணிதம்:

இந்த 35 இலக்கு எனக்கு உடன்பாடில்லை. எஸ் போதும் என்று படிப்பித்தால் சி எடுக்கக்கூடிய பிள்ளையும் எஸ்ஸில் நிற்கும். உயர்தரத்தில் கணிதப் பிரிவோ வணிகமோ எடுக்கப் போகிற பிள்ளைக்கு அது துரோகம். மலையகத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைகள் ஏற்கெனவே குறைவு. அங்கே போகக்கூடிய பிள்ளையையும் நாமே குறுக்கிவிடக் கூடாது.

தவிர, தரம் 11இல் வந்து வினாத்தாள் பயிற்சி கொடுப்பது வைத்தியம் ஆகாது. நோய் எங்கே என்று பார்க்க வேண்டும்.

வெண்கட்டி:

சேர் சொல்வதை ஏற்கிறேன், அதனால்தான் மூன்று கூட்டமாகப் பிரிக்கச் சொன்னேன். நான் எழுதியது 20க்கும் 34க்கும் இடையில் நிற்பவர்களுக்கு மட்டும். 45 எடுப்பவரை அந்தக் குழுவில் உட்கார வைக்கவே கூடாது. அவருக்கு இரண்டாம் வினாத்தாளின் பி பகுதி, தேற்ற நிறுவல், விருத்திகள், திரள் மீடிறன் வளையி எல்லாம் வேண்டும்.

லிந்துலை_கணிதம்:

சரி, அப்படியென்றால் நோயைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

தரம் 10 இரண்டாம் தவணைப் பரீட்சையின் பகுதி ஏ விடைத்தாள்களை எடுங்கள். கோடு போட்ட பெரிய தாளில் இடப்பக்கம் மாணவர் பெயர், மேலே வினா இலக்கம் 1 முதல் 25. ஒவ்வொரு கட்டத்திலும் 2, 1, 0, அல்லது முயலவே இல்லை என்றால் ஒரு கோடு. பூச்சியத்தையும் கோட்டையும் கலக்கக் கூடாது. பூச்சியம் என்றால் தவறாகக் கற்றிருக்கிறது, கோடு என்றால் கற்கவே இல்லை அல்லது வாசிக்க முடியவில்லை. 30 பிள்ளைகள் என்றால் இரண்டு பாடவேளையில் முடியும் வேலை.

பிறகு நிரல்களைக் கீழ்நோக்கிக் கூட்டுங்கள். பாதிப்பேருக்குக் குறைவாகச் செய்த வினாக்களை எடுத்து, விடைத்தாளில் பிழை நடந்த வரியை விரலால் தொட்டுப் பாருங்கள். சமன்பாட்டு வினா பிழைத்திருக்கும், ஆனால் பிழை சமன்பாட்டில் இருக்காது. மறைப் பெறுமானத்தைப் பக்கம் மாற்றும்போது குறி பிசகியிருக்கும். ஆரைச்சிறையின் பரப்பளவு பிழைத்திருக்கும், சூத்திரம் சரியாகவே இருக்கும், பின்னத்தைச் சுருக்கத் தெரிந்திருக்காது. கனவளவில் சென்ரிமீற்றரும் மீற்றரும் கலந்திருக்கும். திசைகொண்ட எண்கள், பின்னம், அலகு மாற்றம் மூன்றும் 6 முதல் 8 வரையான தரங்களின் வேலை. தரம் 11இல் தெரிகிற டபிள்யூவில் பெரும்பகுதி தரம் 7இல் எழுதப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: பாடசாலையில் கணிதம் நன்றாகப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவரை முழுக்கத் தரம் 10, 11க்குக் கட்டிப்போடுவது பிழை. நேரசூசியில் தரம் 7க்கு அவரது பாடவேளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பல பாடசாலைகளில் நடப்பது என்னவென்றால், தரம் 6, 7 கணிதம் யாருக்கு வேளை மிச்சமோ அவருக்குப் போகும்.

பசறை_அக்கா:

இதற்குப் பின்னால் ஒரு காரணமும் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலானவை ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், தரம் 5 வரை. அந்த அத்திவாரத்தின் மேல்தான் தரம் 8, தரம் 11 என்று ஏற்றினார்கள். ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரியர் வந்த வேகத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு வரவில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வருகிறவர்களை எந்தப் பாடத்துக்கு எந்தத் தரத்தில் போடுகிறோம் என்பது அதிபர் கையில் இருக்கிறது. லிந்துலை சேர் சொன்ன நேரசூசி மாற்றத்துக்குப் பணம் தேவையில்லை.

ஆரம்பப்பிரிவு:

வினா விளங்காத பிரச்சினைக்கு ஒரு உதாரணம். கணிதத்தில் மதிப்பீட்டு வரி, சுங்கத் தீர்வை, பங்கு இலாபம் என்று வரும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வளர்ந்த பிள்ளைக்கு வரிச்சிட்டை வீட்டுக்கு வந்து பார்த்த அனுபவம் பெரும்பாலும் இல்லை. காலாண்டு வரி என்றால் ஆண்டு வரியை நான்கால் பிரிக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சதவீதம் தெரிந்தும் புள்ளி போகிறது.

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். சம்பளச் சிட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், தோட்டம் கட்டுவது 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். 2024இல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. 20 நாள் பேர் விழுந்தால் (வேலைநாளாகப் பதிவானால்) 27,000. கழிவு 2160, தோட்டத்தின் பங்கு 3240. இதை ஒரு பாடவேளையில் செய்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே சதவீதக் கணக்கை வரிச்சிட்டையில் போட்டுக் காட்டினால் சொல் மட்டும்தான் புதிது, கணக்குப் பழையது.

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றையும் இந்த இழையில் சேர்க்கலாமா? அங்கேயும் இதே மயக்கம். வெட்டுப்புள்ளி தாண்டியவர் எத்தனை என்று மட்டும் பார்க்கிறார்கள்.

தேயிலைச்சரிவு:

கட்டாயம் சேருங்கள் மிஸ்.

ஆரம்பப்பிரிவு:

மொத்தம் 200 புள்ளி. ஒரு வினாத்தாள் நுண்ணறிவு, 40 பல்தேர்வு, ஒரு மணித்தியாலம். மற்றது 60 வினா, ஒன்றேகால் மணித்தியாலம். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடும். அது பிரபல பாடசாலை இடத்துக்கும் உதவிப்பணத்துக்கும் வைத்த வரம்பு, பிள்ளை படித்ததா என்று அளக்கும் கோல் இல்லை. பாடசாலை பார்க்க வேண்டியது 70 புள்ளிக்குக் கீழே நின்றவர்களை. அவர்களில் கணிசமானோர் ஒரு பந்தியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார்கள். வெட்டுப்புள்ளிக்காக மூன்று பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பயிற்றும் பாடசாலையில், அந்த எழுத்துக்கூட்டும் பிள்ளைகள்தான் ஆறு வருடம் கழித்து வெண்கட்டி டீச்சர் சொன்ன இரண்டாம் கூட்டமாக வருகிறார்கள்.

தரம் 6க்கு அனுப்பும்போது பெயர்ப்பட்டியலோடு ஒரு வாசிப்புக் குறிப்பும் போகட்டும்: சரளமாக வாசிப்பார், எழுத்துக்கூட்டுவார், சொல் தெரியாது. மூன்று நிரல் போதும்.

விஞ்ஞானக்கூடம்:

விஞ்ஞானத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதல் வினாத்தாள் 40 பல்தேர்வு, ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் நின்றால் குறியிட்டுவிட்டு நகர வேண்டும். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடக் கூடாது. இன்னமும் வெறுமையாக விடுகிறார்கள்.

கட்டமைப்பு வினாவில் பிழை வேறு மாதிரி. 'அவதானிப்பு யாது?' என்று கேட்டால் கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும்: குமிழி வந்தது, நிறம் மாறியது. பிள்ளைகள் 'காபனீரொட்சைட்டு வெளிவந்தது' என்று எழுதுவார்கள். அது முடிவு, அவதானிப்பு அல்ல. செய்முறையைக் கண்ணால் பார்க்காமல் குறிப்பை மனனம் செய்ததன் விளைவு. ஆய்வுகூடம் இல்லாவிட்டாலும் வினாகிரியும் அப்பச்சோடாவும், தெளிந்த சுண்ணாம்பு நீரும், ஒரு குப்பியும் குழாயும் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். ஐந்தாறு செய்முறைகளை அப்படியே காட்டிவிடலாம்.

வரலாற்றில் தேசப்பட வினாவை விடாதீர்கள். அடிக்கடி கேட்கும் இடங்களைக் காலையில் ஐந்து நிமிடம் வெற்றுப் படத்தில் குறிக்க வைத்தால் அந்தப் புள்ளி உறுதி.

மஸ்கெலியா_பெற்றோர்:

ஆசிரியர்மார் எல்லாரும் வகுப்பறைக்குள்ளே இருந்து பேசுறீங்க, நல்லது. வெளியேயும் கொஞ்சம் பாருங்க. மூன்றாம் தவணை முழுக்க மாலை வகுப்புன்னு அறிவிப்பீங்க. மலைக்கு மேல் டிவிசன்ல (தோட்டத்தோட ஒரு பிரிவுல) இருக்கிற பிள்ளைக்குக் கடைசி பஸ் போயிடும். ஆறேகாலுக்கு இருட்டு, பனிமூட்டம், அட்டைக்கடி. பொம்பளைப் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டாங்க. வராத பிள்ளையை அக்கறை இல்லாத பிள்ளைன்னு குறிச்சிடாதீங்க.

டிவிசன்லயே ஒரு இடம் எடுக்கலாம். கோயில் மண்டபம், பிள்ளை மடுவம் (குழந்தை பராமரிப்பு இடம்), சனசமூக நிலையம் எதுவும் சரி. அதிபர் கையெழுத்தோட துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) ஒரு கடிதம்: எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, யார் பொறுப்பு, சாவி யாரிடம், மின்கட்டணம் யார். இந்த ஐந்தும் எழுதியிருந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. வாயால கேட்டா இழுபடும். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தர் மேற்பார்வை செய்தா போதும், வாரத்தில் மூன்று நாள் நாலரையிலிருந்து ஆறு வரை.

வெண்கட்டி:

அண்ணா சொன்ன கடித முறை மிகப் பிரயோசனமானது. மண்டபக் குழுவுக்குப் புதுப்பாடம் கொடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி ஏ வினாத்தாளின் பாதி, 13 வினா, 25 நிமிடம். மீதி நேரத்தில் பிழைத்ததைத் திருத்துவது. கடந்தகால வினாத்தாள்களும் புள்ளித் திட்டங்களும் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் இருக்கின்றன, பாடநூல்களும் பயிற்சிகளும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில். ஒருவர் இறக்கி அச்சிட்டால் போதும்.

பசறை_அக்கா:

பரீட்சைக்கு முந்திய காகித வேலையையும் யாராவது பொறுப்பெடுங்கள். தோட்டப் பிள்ளைகளில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பெயர் எழுத்து மாறியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அடையாள அட்டை விண்ணப்பம் அங்கேயே தடைப்படும். தரம் 9லேயே எல்லாருடைய சான்றிதழையும் வாங்கிப் பார்த்து, இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழுக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தரம் 11இல் தொடங்கினால் முடியாது.

அனுமதி அட்டை வந்த அன்றே பெயர், மொழிமூலம், பாட இலக்கம் மூன்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். கணிதம் 32, விஞ்ஞானம் 34. பிள்ளை தெரிவு செய்யும் தொகுதிப் பாடங்களில்தான் இலக்கம் மாறுவது அதிகம். அன்றே அதிபர் மூலம் திருத்தக் கேட்கலாம்.

2023இலும் 2024இலும் சா/த மே மாதத்தில் தொடங்கியது. அது மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை பிடிக்கிற காலம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மண்சரிந்து பாதை அடைபட்டால் மாற்றுப் பாதை எது, டிவிசன் பிள்ளைகளை யார் வாகனத்தில் ஏற்றுவது என்பதை முதல் நாளே தீர்மானித்து வையுங்கள். எட்டரைக்குத் தொடங்கும் பரீட்சைக்கு எட்டு மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும்.

தேயிலைச்சரிவு:

இதுவரை வந்ததை வைத்து ஒரு தாள் தயாரிக்கிறேன். முன்பக்கம் தரம் 6 சேர்ந்தோர், தரம் 11 இடாப்பு, தோற்றியோர், தகுதி பெற்றோர், மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில், எண்ணிக்கையாக. தகுதி பெறாதோர் மூன்று கூட்டமாக. பின்பக்கம் லிந்துலை சேரின் 25 நிரல் அட்டவணை. ஒரு சந்தேகம்: இடையில் வேறு பாடசாலைக்கு விலகிப் போனவர்களை என்ன செய்வது? 40இலிருந்து கழிக்கவா?

லிந்துலை_கணிதம்:

விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலையில் சேர்ந்தது உறுதி என்றால் கழியுங்கள், புதிதாக வந்தவரைக் கூட்டுங்கள். விடுகைப் பத்திரம் வாங்காமல் நின்றவரைக் கழிக்காதீர்கள். அவருக்கென்று ஒரு தனி நிரல் போட்டு, எந்தத் தரத்தில் எந்த மாதம் நின்றார் என்று எழுதுங்கள். தரம் 9இல் இரண்டாம் தவணைக்குப் பிறகு பெயர்கள் குவிந்தால், வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டிய மாதம் அதற்கு முந்தியது.